கலிப்பொலிக் கரையில் ஒரு கழுதைக்காரன்

கண்டி மாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு படையினர் துருக்கி நாட்டுக் கடற்கரையிலே போர்முனை கண்டனர் என்று சொன்னால், மாணவர்களுள் பலர் வியப்படைவார்கள். கண்டிப் படை என்றதும் ஈட்டியும் வாளும் ஏந்திய அரசர் காலத்து வீரர்களே நம் மனக்கண்முன் தோன்றுவர். ஈண்டுக் குறிப்பிடும் படை அதுவன்று. மலைநாட்டுத் தோட்டங்களின் துரைமாரைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற 'இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை'யே அது. ஐரோப்பியருக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. இலங்கைக்கெனச் சுதந்திர இராணுவம் அமைந்த 1949ஆம் ஆண்டில் அந்தப் படை கலைக்கப்பட்டது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டதும், இப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும், மேஜர் ஹோல் பிரவுன் என்பவர் தலைமையில் எகிப்துக்குக் கப்பலேறினர். நேற்று வரை தேயிலைக் கொழுந்தின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இன்று சூயஸ் கால்வாயின் மணலிலே காவல் நின்றார்கள். பின்னர் அவர்கள் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டு, 1915இல் கலிப்பொலி என்னும் துருக்கிய தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டனர். அங்கே படைத் தளபதி பேர்ட்வூட் அவர்களின் மெய்காவலராகவும் அவர்களுள் சிலர் பணியாற்றினர்.

அதே கரையில், அதே நாட்களில், ஒரு சிறிய கழுதையை ஓட்டிக்கொண்டு ஓர் இளைஞன் மலைப்பள்ளத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். நம் மலைநாட்டிலிருந்து போன துரைமார் அவனைக் கண்ணாற் கண்டிருக்கவும் கூடும். அவன் அங்கே நடந்தது 24 நாட்களே. ஆனால் இன்றைக்கு அவுஸ்திரேலியாவில் அவனுடைய கதையை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை எனலாம். ஜோன் சிம்ப்சன் என்பது படையேட்டில் அவன் பதிந்துகொண்ட பெயர். அது அவனுடைய முழுப்பெயர் அன்று. ஏன் அப்படிப் பதிந்துகொண்டான் என்பதிலும் ஒரு கதையுண்டு.

அவுஸ்திரேலிய வீரன் என்று புகழப்படும் இவன் பிறந்தது அவுஸ்திரேலியாவிலன்று. இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் நதி கடலோடு கலக்கும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. அங்கே 1892ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், ரொபேட் கேர்க்பட்ரிக் என்னும் மாலுமிக்கும் சாரா என்னும் அம்மைக்கும் மகனாகப் பிறந்தான். ஜோன் சிம்ப்சன் கேர்க்பட்ரிக் என்று பெயரிட்டார்கள். சிம்ப்சன் என்பது தாயின் பிறந்தகத்துப் பெயர்.

செல்வக் குடும்பமன்று. பையன் பால்வண்டி ஓட்டினான். கோடை விடுமுறைக் காலங்களில், கடற்கரைக்கு உல்லாசமாக வரும் குழந்தைகளைக் கழுதைமேல் ஏற்றி அழைத்துச் செல்லும் வேலையும் செய்தான். காலை முதல் மாலை வரை கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, ஏறியிருக்கும் பிள்ளை விழுந்துவிடாதபடி ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மணலில் நடக்கவேண்டும். யாரும் பெரிதாக மதியாத வேலைதான். எந்தத் தொழிலும் வீண்போவதில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அது இவன் விஷயத்தில் எப்படிப் பலித்தது என்பதைப் பின்னே காண்போம்.

1909ஆம் ஆண்டில் தந்தை காலமானார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், 17 வயதில், மகன் கப்பல் வேலைக்குப் புறப்பட்டான். கப்பல் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தை அடைந்ததும், மே மாதத்தில், சொல்லாமற் கொள்ளாமல் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். சட்டப்படி அது குற்றம். ஆனால் அக்காலத்துக் கப்பல் வாழ்க்கையின் கொடுமையை அறிந்தவர்கள் அவனைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் அவன் செய்யாத வேலையில்லை. குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டினான். மாட்டுப் பண்ணையில் உழைத்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். மேற்குப் பகுதியின் பொன்வயல்களையும் எட்டிப் பார்த்தான். இறுதியில் கரையோரக் கப்பல்களில், கொதிக்கும் உலைக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் அமர்ந்தான். எங்கிருந்தாலும் ஒன்றை மட்டும் மறக்கவில்லை. தாய்க்குக் கடிதம் எழுதினான். கடிதத்தோடு பணமும் அனுப்பினான்.

இந்த இடத்தில் நம்மவர் சற்றுத் தயங்கி நிற்பது இயல்பு. திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் தாயை விட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த இளைஞர் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் மாதந்தவறாது காசுக்கட்டளை அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டுத் திண்ணையில் தபாற்காரனை எதிர்நோக்கியிருந்த தாய்மார் இங்கிலாந்தில் மட்டுமா இருந்தார்கள்? சிம்ப்சனுடைய கதையில் போர் வருவதற்கு முந்திய இந்தப் பகுதியே நமக்கு மிக அண்மையானது என்பது என் எண்ணம்.

அவன் எழுதிய கடிதங்கள் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பேணப்படுகின்றன. படித்தவன் எழுதிய கடிதங்களல்ல. எழுத்துப் பிழை மலிந்தவை. ஆனால் ஓர் உழைப்பாளியின் நெஞ்சம் அவற்றில் திறந்து கிடக்கின்றது. இங்கிலாந்தின் தொழிலாளர் எப்போதுதான் விழித்தெழுவார்களோ, பிரபுக்களையும் கோடீசுவரரையும் வாரித்தள்ளும் ஒரு புரட்சி வந்தால் நல்லது என்ற கருத்தில்கூட அவன் தாய்க்கு எழுதியிருக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவனைத் தெய்வமாக்கிய சிலருக்கு இந்த வரிகள் பெருஞ் சங்கடமாக இருந்தன.

யுத்தம் மூண்டது. 1914 ஆகஸ்ட் மாத இறுதியில் பேர்த் நகரத்தில் அவன் படையிற் சேர்ந்தான். கப்பலை விட்டு ஓடியவன் என்பது வெளிப்பட்டுவிடக் கூடாதென்றே கேர்க்பட்ரிக் என்ற குடும்பப் பெயரை விட்டு, ஜோன் சிம்ப்சன் என்று மட்டும் பதிந்தான் போலும். சேர்ந்ததற்குக் காரணம் வெறும் வீராவேசமன்று. முதலில் படையை இங்கிலாந்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று பேச்சிருந்தது. செலவின்றி ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவுஸ்திரேலியப் படைவீரனுக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் சம்பளம். பிரித்தானிய வீரனுக்கோ ஒரு ஷில்லிங். ஏழைப் பையனுக்கு இதுவும் சிறிய காரியமன்று.

உலைக்குக் கரி அள்ளிப் போட்டு உரமேறிய தோள்களைக் கண்டதனாலோ என்னவோ, 3ஆவது கள மருத்துவப் பிரிவில், காயமுற்றவர்களைத் தூக்குகட்டிலில் சுமக்கும் வேலைக்கு அவனைத் தெரிந்தெடுத்தார்கள். எதிரியைச் சுடும் வேலையன்று. சுடப்பட்டவனைத் தூக்கும் வேலை.

நவம்பர் மாதத் தொடக்கத்தில், பிரீமாண்டில் துறைமுகத்திலிருந்து 'மெடிக்' என்னும் கப்பலில் அவன் புறப்பட்டான். 30க்கு மேற்பட்ட கப்பல்கள் சேர்ந்த பெருங்கூட்டம் அது. ஏறக்குறைய 30,000 வீரர்கள் அவற்றில் இருந்தனர். இக்கப்பற்கூட்டத்துக்குக் காவலாக வந்த போர்க்கப்பல்களுள் ஒன்றான 'சிட்னி'தான், நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே 'எம்டன்' என்னும் ஜேர்மன் கப்பலை நொறுக்கியது. எம்டனைத் தெரியாத தமிழர் உண்டோ? அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டுவீசிக் கொளுத்திவிட்டுப் போன கப்பலல்லவா அது! பொல்லாத கெட்டிக்காரனை 'அவன் ஓர் எம்டன்' என்று சொல்லும் வழக்கு அதனால் நம் மொழியிலே நிலைத்துவிட்டது. அந்த எம்டனிடம் தப்பிய கப்பல்கள் நவம்பர் 15ஆம் நாள் கொழும்பை அடைந்தன. தென்னை மரங்கள் நிரைத்த நம் கரையை அந்த வீரர்கள் கண்டது அப்போதுதான்.

ஆனால் இங்கிலாந்துப் பயணம் கைகூடவில்லை. துருக்கியும் போரில் இறங்கிவிட்டபடியால், படைகள் யாவும் எகிப்திலே இறக்கப்பட்டன. இங்கிலாந்துக்குப் போகமாட்டோம் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தப் படையிற் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று மகன் தாய்க்கு எழுதினான். பிரமிட்டுகளின் நிழலில் இருந்த மேனா முகாமில் சில மாதங்கள் பயிற்சி நடந்தது.

கலிப்பொலிப் போர் எதற்காக மூண்டது என்பதை இளம் வாசகர்களுக்கு இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். டார்டனெல்ஸ் என்னும் ஒடுங்கிய கடற்காலைக் கைப்பற்றினால், துருக்கியின் தலைநகருக்கும், நேச நாடான ருசியாவுக்கும் வழி திறக்கும் என்று இலண்டனில் இருந்த தலைவர்கள் கணக்கிட்டார்கள். கணக்கு தப்பியது. எட்டு மாதம் போராடி, அதற்கான விலையை ஆயிரமாயிரம் உயிர்களாகக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள். அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் 8,000க்கு மேற்பட்ட உயிர்ச்சேதம். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியரோ 80,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில் அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் கரையிறங்கினர். பின்னர் அன்சாக் குடா எனப் பெயர்பெற்ற அந்த இடத்தில், கடற்கரை ஒரு குறுகிய மணற்பட்டை; அதற்கு மேலே செங்குத்தான மலைச்சரிவு. கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் தோற்றத்தை ஊகிப்பது எளிது. பசுமையை மட்டும் நீக்கிவிடவேண்டும். புதரும் முள்ளும் மண்டிய வறண்ட மேடுகள். மேட்டின் உச்சியில் துருக்கியர். இடையே ஒரு பள்ளத்தாக்கு. காயமடைந்த ஒருவனைப் போர்முனையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவரவேண்டுமாயின் அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறு வழியில்லை. குண்டுச் சிதறல்கள் மழையாகப் பொழிந்தபடியால் அதன் கீழ்ப்பகுதிக்கு 'சிதறுகுண்டுப் பள்ளம்' என்றே பெயராயிற்று. மேற்பகுதியில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவோர் எந்நேரமும் காத்திருந்தனர்.

தூக்குகட்டிலில் ஒருவனைச் சுமக்க இருவர் முதல் நால்வர் வரை வேண்டும். கரடுமுரடான சரிவில் அவர்கள் மெல்லவே நடக்கமுடியும். அவர்களும் சுடப்பட்டார்கள். முதலிரு நாட்களுக்குள்ளேயே தூக்குகட்டில்களும் போதவில்லை; ஆட்களும் போதவில்லை. அப்போதுதான் சிம்ப்சனின் கண்ணில் ஒரு கழுதை பட்டது. நீர் முதலியவற்றைச் சுமக்கக் கொண்டுவந்து, பின்பு கவனிப்பாரின்றி விட்ட கழுதைகளுள் ஒன்று. சவுத் ஷீல்ட்ஸ் மணலில் கற்ற வித்தை கைகொடுத்தது. காலில் காயம்பட்ட ஒருவனை அதன்மேல் ஏற்றி, விழாதபடி ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மெல்லப் பேசிப் பேசி அதைக் கீழே நடத்திவந்தான். நால்வர் செய்த வேலையை ஒருவனும் ஒரு கழுதையுமாகச் செய்யலாம் என்பது தெளிவாயிற்று.

அன்று முதல் அவன் தனி ராஜ்யம்தான். தன் பிரிவோடு சேர்ந்து உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. கட்டுப்பாடு மிகுந்த இராணுவத்திலே இது சாமானியக் குற்றமன்று. ஆனால் வேலை நடப்பதைக் கண்ட மேலதிகாரிகள் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார்கள். மேலே போகும்போது கழுதையின் முதுகில் தண்ணீர். கீழே வரும்போது காயமுற்ற ஒருவன். ஆபத்தான முனையை நெருங்கியதும், கழுதையைப் பாறை மறைவில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் முன்னேறிச் சென்று ஆளைத் தூக்கிவருவான். கழுதைக்கு 'டஃபி' என்றும் 'மேர்பி' என்றும் பலர் பல பெயர் சொல்வர். ஒன்றுக்கு மேற்பட்ட கழுதைகளை அவன் பயன்படுத்தியிருக்கவேண்டும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இரவில் அவன் எங்கே தங்கினான் தெரியுமா? இந்தியர்களோடு! 21ஆவது கோஹாட் மலைப் பீரங்கிப் படை என்பது பஞ்சாப் மாகாணத்துச் சீக்கியரும் முஸ்லிம்களும் சேர்ந்த படை. பீரங்கிகளைக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி மலைக்குக் கொண்டுசெல்வது அவர்களின் வழக்கம். கழுதைக்குத் தீனியும் கிடைக்கும், தனக்குத் தோழமையும் கிடைக்கும் என்று அவர்களிடத்தே போய்ச் சேர்ந்துகொண்டான். வெள்ளை வீரரும் இந்திய வீரரும் ஒட்டி உறவாடுவதை அக்காலத்து மேலோர் பெரிதும் விரும்பியதில்லை. அவனோ அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவர்கள் அவனை 'பகதூர்' என்று அழைத்தார்கள். மாவீரன் என்பது பொருள். அரசாங்கம் அவனுக்கு எந்தப் பெரும் பதக்கமும் அளிக்கவில்லை. இந்த ஒரு பட்டம் மட்டும் மலைப் பீரங்கிக்காரர் கொடுத்தது.

கலிப்பொலியில் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த 15,000க்கு மேற்பட்டோர் பணியாற்றினர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சீக்கியரும் கூர்க்காக்களும் போரிட்டனர். கோவேறு கழுதைப் படையினர் இரவுதோறும் உணவும் தண்ணீரும் குண்டும் சுமந்தனர். சிம்ப்சனைப் பற்றிய பாடப்புத்தகங்களில் இவர்கள் பெரும்பாலும் பின்னணியில்கூட இல்லை.

மே மாதம் 19ஆம் நாள் வந்தது. அன்று விடியுமுன், ஏறக்குறைய 42,000 துருக்கியர் அன்சாக் படையைக் கடலில் தள்ளிவிடும் நோக்கத்தோடு ஒரேயடியாகப் பாய்ந்தனர். எதிர்த்து நின்றவர் அதிற் பாதியளவுகூட இல்லை. ஆயினும் இயந்திரத் துப்பாக்கிகளின் முன்னே வீரம் என்ன செய்யும்? சில மணி நேரத்தில் துருக்கியர் தரப்பில் 3,000 பேர் பிணமாயினர், பல்லாயிரவர் காயமுற்றனர். பிணங்களைப் புதைப்பதற்காகவே ஐந்து நாட்கள் கழித்து இரு தரப்பாரும் சில மணி நேரம் போரை நிறுத்த நேர்ந்தது.

அந்தக் காலையில் சிம்ப்சன் வழக்கம்போலக் கழுதையோடு பள்ளத்தாக்கில் ஏறினான். தண்ணீர்க் காவல் நிலையத்தில் அவன் காலையுணவு உண்பது வழக்கம். அன்று உணவு ஆயத்தமாகவில்லை. பரவாயில்லை, திரும்பி வரும்போது நல்ல சாப்பாடாகக் கொடுங்கள் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு மேலே போனானாம். அவுஸ்திரேலியாவின் அதிகாரபூர்வமான போர் வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் பீன் இதனைப் பதிவு செய்திருக்கிறார். சாப்பாட்டுக்கு அவன் திரும்பி வரவில்லை. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் இயந்திரத் துப்பாக்கியின் குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தான். 23 வயது நிரம்ப ஏழு வாரம் இருந்தது.

மறுநாளே கேர்ணல் மொனாஷ், அவன் இரவும் பகலும் ஓயாது செய்த தொண்டை மெச்சி மேலிடத்துக்கு எழுதினார். மொனாஷ் பின்னாளில் அவுஸ்திரேலியாவின் புகழ்மிக்க தளபதியானவர். எளிதில் புகழ்ந்து எழுதும் மனிதரல்லர்.

இனி, அதே மே மாதத்தில் நம் கண்டி எப்படி இருந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. சிம்ப்சன் இறந்து ஒன்பது நாட்கள் கழித்து, மே 28ஆம் நாள் வெசாக் இரவில், கண்டி வீதியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டு நாடெங்கும் பரவியது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒடுக்குவதற்கு அனுப்பப்பட்டவர்களுள் பஞ்சாப் வீரரும் இருந்தனர். போர்முனைக்குப் போகாமல் பின்தங்கிய தோட்டத்துரைமார் உள்ளிட்ட ஐரோப்பியத் தொண்டர்களும் இருந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். அந்தக் கொடுமைகளை எடுத்துரைக்க, நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயம் சூழ்ந்த கடலைக் கடந்து இலண்டனுக்குச் சென்றவர் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே. ஒரே மாதத்தில், ஒரே பேரரசின் சீருடை அணிந்து, கலிப்பொலியில் ஒருவன் உயிர் காத்தான். கண்டியில் சிலர் உயிர் பறித்தனர். சரித்திரம் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பது நலம்.

கண்டி, மாத்தளைப் பகுதிச் சுதேச இளைஞர்கள் போருக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். துரைமாரின் படையில் அவர்களுக்கு இடமில்லாமையால் இங்கிலாந்தில் சேர்ந்தார்கள். கண்டித் திரித்துவக் கல்லூரியில் பயின்ற மாத்தளை றிச்சட் அலுவிகாரை, பிரித்தானியப் படையிற் சேர்ந்து பிரான்சின் சொம் போர்க்களத்தில் காயமுற்றார். இலங்கைப் பொலிஸ் படைக்கு முதலாவது இலங்கையர் தலைவராக 1947இல் வந்தவர் அவரே.

சிம்ப்சன் இறந்தான், கதை பிறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் 'கழுதையோடு நடந்த வீரன்' உலவத் தொடங்கிவிட்டான். 24 நாட்களில் 300 பேரைக் காப்பாற்றினான் என்றார்கள். பள்ளத்தாக்கின் தூரத்தையும் கழுதையின் நடையையும் கணக்கிட்டுப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர், இது நடக்கக்கூடியதன்று என்று மறுத்தார்கள். மேலும், கழுதைமேல் அமரக்கூடியவன் பெரும்பாலும் காலில் காயம்பட்டவனாகவே இருப்பான். குற்றுயிராகக் கிடந்தவர்களைத் தூக்குகட்டிலில் சுமந்தவர்கள் வேறு பலர். அவர்களுக்குச் சிலையில்லை.

கதை எதற்குப் பயன்பட்டது என்பதுதான் என் மனத்தை உறுத்துவது. 1916இலும் 1917இலும் அவுஸ்திரேலியாவில் கட்டாய இராணுவ சேவை வேண்டுமா என்று மக்களிடம் இருமுறை வாக்குக் கேட்டார்கள். மேலும் மேலும் பிள்ளைகளைப் போருக்கு அழைத்த அந்த நாட்களில், சிம்ப்சனின் பெயரும் அழைப்பு மணியாக ஒலித்தது. இரு முறையும் மக்கள் கட்டாய சேவையை நிராகரித்தனர். பிரபுக்களை வாரித்தள்ளும் புரட்சியைப் பற்றித் தாய்க்கு எழுதிய அந்த உழைப்பாளிப் பையன் உயிரோடிருந்தால் எப்பக்கம் வாக்களித்திருப்பான்? சொல்ல முடியாது. ஆனால் அவனைக் கேட்காமலே அவன் சார்பில் பிறர் பேசினார்கள்.

1965ஆம் ஆண்டில் அவனைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. அதிலே அவனுடைய கடிதங்களின் காரமான பகுதிகள் காணப்படவில்லை. மறைந்திருந்த மனிதனை 1992ஆம் ஆண்டில் பீற்றர் கொக்ரேன் என்னும் வரலாற்றாசிரியரே கடிதங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தார். ஊர்சுற்றி, முரடன், கட்டுப்பாட்டுக்கு அடங்காதவன், தாய்க்குப் பணம் அனுப்ப மறவாதவன். சிலையாக நிற்கும் சாந்த சொரூபியைவிட இந்த மனிதனே எனக்கு மேலானவனாகத் தோன்றுகிறான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சிம்ப்சனும் கழுதையும் என்று உலகெங்கும் பரவிய பழைய ஓவியம் ஒன்றிருக்கிறது. நியூசிலாந்து ஓவியர் ஹொரஸ் மூர்-ஜோன்ஸ் வரைந்தது. ஒரு புகைப்படத்தைப் பார்த்து அதை அவர் தீட்டினார். அந்தப் புகைப்படத்தில் இருந்தவன் சிம்ப்சனேயல்லன்! அவன் இறந்தபின் அதே முறையில் கழுதையோட்டிக் காயமுற்றோரைக் கொண்டுவந்த றிச்சட் ஹென்டர்சன் என்னும் நியூசிலாந்து இளைஞன். ஹென்டர்சன் போரில் தப்பி, 1958 வரை வாழ்ந்தான். தன் முகம் இன்னொருவன் பெயரில் சுவர்களில் தொங்குவதை எத்தனை முறை பார்த்திருப்பானோ!

மெல்பேணில் 1936ஆம் ஆண்டிலும், கன்பராவில் 1988ஆம் ஆண்டிலும் சிம்ப்சனுக்கும் கழுதைக்கும் வெண்கலச் சிலைகள் எழுந்தன. பிறந்த ஊராகிய சவுத் ஷீல்ட்ஸிலும் ஒரு சிலை உண்டு. கலிப்பொலிப் போரின் 50ஆம் ஆண்டு நிறைவாக 1965இல் அவுஸ்திரேலியா வெளியிட்ட முத்திரைகளிலும் அவர்களே இடம்பெற்றனர். தந்தையாரோ பாட்டனாரோ சேர்த்துவைத்த முத்திரைத் தொகுப்பு வீட்டிலுள்ள மாணவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

பிரித்தானியப் பேரரசின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியாச் சிலுவையை அவனுக்கு வழங்கவேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டு காலம் எழுந்துகொண்டேயிருந்தது. 2013ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணைச் சபை இதனை முற்றாக ஆராய்ந்து, வழங்குவதற்கில்லை என்று முடிவு கூறியது. அவனுடைய துணிவும் முயற்சியும், அவனோடு அதே பிரிவில் தூக்குகட்டில் சுமந்த தோழர் அனைவரிடத்தும் இருந்தவையே என்பது சபையின் கருத்து. சிலர் இதனை அவனுக்கு இழைத்த அநீதி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரில்லாத அத்தனை பேரும் அவனளவு உயர்ந்தார்களே தவிர, அவன் ஓர் அங்குலமும் தாழவில்லை.

கண்டியில் வசிப்பவர்கள் பிட்டகந்தையிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்நாட்டில் உயிர்நீத்த ஏறக்குறைய 200 பேர் அங்கே துயில்கின்றனர். பிரித்தானியர் பெரும்பகுதி, கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், கனேடியர், நம் இலங்கையர் ஆகியோரும் உண்டு. தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கே இல்லை. உலகெங்கும் இத்தகைய தோட்டங்களைப் பேணிவரும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் விதி அது. கற்களில் உள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் பெரும்பாலானவை இருபதுகளில் நிற்பதைக் காணலாம்.

அதே ஆணைக்குழுதான் கலிப்பொலியில், கடல் அலை கேட்கும் தூரத்தில், கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தையும் பேணுகின்றது. சிம்ப்சனை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். தாழ்வான ஒரு கல், படையெண் 202, இறந்த நாள் 1915 மே 19, வயது 22. பிறர் வாழத் தன் உயிர் ஈந்தான் என்ற பொருளில் ஒரு வரி. அதற்கு மேலே, கப்பலை விட்டு ஓடிய பையன் பிடிபடாமலிருக்க மறைத்துவைத்த தகப்பன் பெயரையும் சேர்த்து, ஜோன் சிம்ப்சன் கேர்க்பட்ரிக் என்று முழுமையாகப் பொறித்திருக்கிறார்கள்.